இரு தொட்டில்கள்

1899ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா நகரில், பேராசிரியர் ஒருவரின் இல்லத்துத் தொட்டில் வெறுமையாயிற்று. ஒன்றரை வயதைக் கடந்திருந்த ஆண் மகவு தொண்டை அடைப்பான் நோய்க்குப் பலியாயிற்று. தந்தையின் பெயர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். தம் இன மக்கள் அடிமைகளாய் உழன்ற அந்தத் தென்னாட்டு மண்ணில் பிள்ளையை அடக்கம் செய்ய அவருக்கு மனம் ஒப்பவில்லை. வடக்கே, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தாம் பிறந்த கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூருக்கு எடுத்துச் சென்று நல்லடக்கம் செய்தார். நான்காண்டுகளுக்குப் பின்னர் அவர் வெளியிட்ட 'கறுப்பு மக்களின் ஆன்மாக்கள்' என்னும் நூலில், ஓர் அத்தியாயம் முழுவதையும் அந்த முதற்பிள்ளையின் மறைவுக்கே ஒதுக்கினார்.

தந்தையாக இருந்து அவர் அழுதார். ஆனால் அவர் சமூகவியல் அறிஞருமாவார். கறுப்பினத்தார் வீடுகளில் மட்டும் இத்தனை தொட்டில்கள் ஏன் வெறுமையாகின்றன என்ற வினாவை அவரால் ஒதுக்கிவிட முடியவில்லை. அந்த வினாவுக்கு அமெரிக்க நாடு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கூறி வந்திருக்கிறது. அந்த விடைகளையும், அவற்றுக்கு எதிராக ஏடுகளில் பதிவான எண்கள் கூறும் சாட்சியத்தையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

அளவுகோல்

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள், ஓராண்டு நிறைவதற்குள் எத்தனை குழந்தைகள் இறக்கின்றன என்பதையே சிசு மரண வீதம் என்கிறோம். டு பாய்ஸின் மகன் இந்த எல்லையைச் சற்றே கடந்தவன். எனினும் அவனைக் கொண்டுபோன நோயும் சூழலும் கைக்குழந்தைகளைக் கொண்டுபோனவையே. ஒரு சமூகத்தார் குடிக்கும் நீர், உண்ணும் உணவு, வாழும் வீடு, தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு, மருத்துவமனையின் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பன எல்லாம் இந்த ஓர் எண்ணில் வந்து சேர்கின்றன. வளர்ந்த மனிதன் பல இன்னல்களைத் தாங்கிக்கொள்வான். பச்சிளங் குழந்தையால் இயலாது. ஆகவேதான் சமூகத்தின் நோயை இந்த எண் முதலில் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிறப்புகளை முறையாகப் பதிவு செய்யும் ஏற்பாடு 1915ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. அப்போதும் 10 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் மட்டுமே அதில் இடம்பெற்றன. நாடு முழுவதும் அதற்குள் வந்து சேர 1933 வரை ஆயிற்று. அதற்கு முந்திய காலத்துக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதலிய பழைய ஆவணங்களிலிருந்து வரலாற்றறிஞர்கள் கணித்த மதிப்பீடுகளே நமக்குத் துணை.

தாயின் மேல் சுமத்திய பழி

அந்த மதிப்பீடுகளின்படி, 1850ஆம் ஆண்டளவில் அமெரிக்க வெள்ளையரின் குழந்தைகளில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 217 பேர் முதலாண்டைக் காணாமலே மடிந்தனர். கறுப்பினக் குழந்தைகளில் மடிந்தோர் ஏறத்தாழ 340 பேர். மூன்று குழந்தை பிறந்தால் ஒன்று மண்ணுக்கு என்பது அதன் பொருள். அன்று கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோர் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அடிமையின் குழந்தை ஆண்டையின் உடைமையன்றோ? தன் உடைமை அழிவதை எந்த ஆண்டை விரும்புவான்? விரும்பவில்லைதான். ஆனால் இவ்வாண்டின் பருத்தி அவன் கண்முன் நின்றது. நாளை வளரப்போகும் குழந்தை தொலைவில் நின்றது. கருவுற்ற பெண்ணைப் பேறு காலம் நெருங்கும் வரையில் வயலில் வேலை வாங்கினான். பெற்ற சில வாரங்களில் மீண்டும் வயலுக்கு அனுப்பினான். குழந்தையோ முதிய பெண் ஒருத்தியின் காவலில் கிடந்தது. தாய்ப்பால் வேளை தவறியது. அதற்கு ஈடாகக் கூழும் கஞ்சியும் புகட்டப்பட்டன.

இதற்கு ஒரு வியப்பான சான்று கிடைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்க 1807ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், அமெரிக்கக் கரையோரமாகக் கப்பலில் கொண்டு செல்லப்படும் ஒவ்வோர் அடிமையின் உயரத்தையும் குறித்து வைக்க வேண்டுமெனப் பணித்தது. மனிதரைச் சரக்காகப் பாவித்து எழுதிய அந்தப் பட்டியல்களைப் பிற்காலத்தில் ரிச்சர்டு ஸ்டெக்கல் என்னும் பொருளியல் வரலாற்றறிஞர் எடுத்து ஆராய்ந்தார். அடிமைக் குழந்தைகள் வயதுக்கு மிகமிகக் குள்ளமாக இருந்ததைக் கண்டார். அதிலிருந்து, அவர்கள் பிறக்கும்போதே சராசரியாக இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுடன்தான் பிறந்திருக்க வேண்டுமென்று கணித்தார். வணிகன் எழுதி வைத்த பட்டியல் வணிகனுக்கே எதிரான சாட்சியாயிற்று.

அன்றைய ஆண்டைகள் சொன்ன விடையோ வேறு. குழந்தை இரவில் இறந்து கிடந்தால், களைத்துறங்கிய தாய் கவனமின்றி அதன் மேல் புரண்டு மூச்சை அடைத்துவிட்டாள் என்றார்கள். கணக்கெடுப்பு ஏடுகளிலும் 'மூச்சடைப்பு' என்றே பல மரணங்கள் எழுதப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி நோயாலும் பிறவி நலிவாலும் நேர்ந்த திடீர் மரணங்களாகவே இருந்திருக்க வேண்டுமென்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளே பழியையும் சுமந்தாள்.

குருதியின் மேல் சுமத்திய பழி

1865இல் அடிமைத்தளை அறுந்தது. மரணம் மட்டும் அந்த வீடுகளை விட்டு அகலவில்லை. உடனே புதியதொரு விடை புறப்பட்டது. காப்பீட்டு நிறுவனமொன்றில் புள்ளிவிவர அலுவலராக இருந்த பிரடெரிக் ஹாஃப்மன் என்பவர் 1896இல் ஒரு நூல் வெளியிட்டார். கறுப்பினத்தாரின் மிகுந்த இறப்புக்கு அவர்களுடைய வாழ்க்கை நிலை காரணமன்று, இனத்தின் இயல்பே காரணம் என்றும், அவ்வினம் நாளடைவில் தேய்ந்து போகும் என்றும் அதில் அவர் வாதித்தார். எண்களை அடுக்கி எழுதப்பட்ட நூலாதலால் கற்றோரும் அதனை நம்பினர்.

இதற்கு மறுப்பாக எழுந்த குரல்களுள் டு பாய்ஸின் குரல் முக்கியமானது. 1906ஆம் ஆண்டு அட்லாண்டா பல்கலைக்கழகத்தின் வாயிலாக, கறுப்பின அமெரிக்கரின் உடல்நலம் பற்றிய ஆய்வேடு ஒன்றை அவர் வெளியிட்டார். ஹாஃப்மன் எந்த ஆயுதத்தை எடுத்தாரோ அதே ஆயுதத்தையே அவரும் எடுத்தார். பிலடெல்பியா நகரின் கணக்கை அவர் எடுத்துக் காட்டிய விதம் நம் சிந்தனைக்குரியது. அந்நகரில் அன்றைய கறுப்புக் குழந்தைகளின் இறப்பு மிகுதிதான். ஆனால் 20 ஆண்டுகளுக்கு முன்பு அதே நகரில் வெள்ளைக் குழந்தைகள் அதைவிடவும் மிகுதியாக இறந்துகொண்டிருந்தனரே! இருபது ஆண்டுகளில் வெள்ளையரின் குருதியா மாறிவிட்டது? மாறியது அவர்கள் வாழ்ந்த நிலைமை. ஆகவே இது இனத்தைப் பற்றிய செய்தியன்று, சமூக நிலையைக் காட்டும் குறி என்பது அவருடைய முடிவு.

மகனை மண்ணுக்குக் கொடுத்த ஒரு தந்தை, ஏழே ஆண்டுகளில் இத்தனை நிதானத்துடன் கணக்கை எடுத்து வைத்து வாதாடியிருக்கிறார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் கனக்கிறது.

நீரும் பாலும் கூலியும்

டு பாய்ஸின் வாதம் சரியா என்பதை அடுத்துவந்த ஆண்டுகள் சோதித்துக் காட்டின. 1912இல் அமெரிக்க அரசு குழந்தைகள் நலத்துக்கென ஒரு தனித் துறையை நிறுவியது. அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற ஜூலியா லேத்ரப் அம்மையார், அரசுத் துறையொன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் அமெரிக்கப் பெண்மணியாவார். அத்துறை தன் முதல் ஆய்வைப் பென்சில்வேனியாவிலுள்ள ஜான்ஸ்டவுன் என்னும் எஃகுத் தொழில் நகரில் நடத்தியது. ஓராண்டில் பிறந்த குழந்தைகளின் இல்லங்களுக்கெல்லாம் பெண் அலுவலர்கள் நேரில் சென்று விசாரித்தார்கள். தந்தையின் கூலி குறையக் குறையக் குழந்தையின் மரணம் கூடியதை அவர்கள் கண்டார்கள். அங்கே மிகுதியாக இறந்தவை, ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த வெள்ளையரின் குழந்தைகளே. சாக்கடையற்ற தெருவும் நெருக்கடி மிகுந்த வீடும் நிறம் பார்த்துக் கொல்வதில்லை என்பது தெளிவாயிற்று.

1915ஆம் ஆண்டின் முதற் பதிவுகளின்படி, வெள்ளைக் குழந்தைகளின் இறப்பு ஆயிரத்துக்கு 98.6, பெரும்பாலும் கறுப்பினத்தவரே அடங்கிய ஏனையோரின் இறப்பு 181.2. அவ்வாண்டுப் பதிவில் தென் மாநிலங்கள் இடம்பெறவேயில்லை என்பதையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பின்னர் நகரங்களில் குடிநீர் வடிகட்டப்பட்டது. பால் காய்ச்சித் தூய்மை செய்யப்பட்டது. 1921இல் தாய் சேய் நலத்துக்கென நடுவண் அரசு மாநிலங்களுக்கு நிதி வழங்கும் சட்டம் வந்தது. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பினால் அது 1929இல் நின்றுபோயினும், அதற்குள் நற்பயன் விளைந்திருந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளை உலகுக்குக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மருத்துவச்சிகளே. குழந்தை இறப்புக்கு அவர்களுடைய அறியாமையே காரணமென்று மருத்துவர்கள் பலர் ஏசி வந்தனர். இது மூன்றாவது பழி. ஆனால் அந்த முதிய பெண்களுக்குப் பயிற்சி அளித்து, கை கழுவும் முறையையும் குழந்தையின் கண்ணுக்குச் சொட்டு மருந்து இடுவதையும் கற்பித்தபோது, அவர்கள் அதனை ஆர்வத்துடன் ஏற்று நடந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்து மேரி கோலி என்னும் மருத்துவச்சியின் பணியைக் கொண்டு 1953இல் எடுக்கப்பட்ட பயிற்சித் திரைப்படம், பின்னாளில் அந்நாட்டின் பாதுகாக்கப்படும் திரைச் செல்வங்களுள் ஒன்றாயிற்று.

1950ஆம் ஆண்டில் வெள்ளையரின் வீதம் 26.8 ஆகவும், கறுப்பினத்தாரின் வீதம் 43.9 ஆகவும் இறங்கியிருந்தன. இயல்பிலேயே தேய்ந்து அழியும் இனமென்று எவரைச் சொன்னார்களோ, அவர்களுடைய குழந்தைகள் 35 ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு மரணத்திலிருந்து தப்பியிருந்தார்கள்.

மூடிய கதவு திறந்தபோது

ஆனால் அடுத்த பத்தாண்டில் ஒரு விந்தை நேர்ந்தது. 1960இல் வெள்ளையரின் வீதம் 22.9 ஆகக் குறைந்திருக்க, கறுப்பினத்தாரின் வீதம் 44.3 ஆயிற்று. குறையவில்லை என்பது மட்டுமன்று, சிறிது கூடியேயிருந்தது!

காரணம் என்ன? நீரும் பாலும் தந்த நன்மை ஏறக்குறைய எல்லாருக்கும் எட்டிவிட்டது. இனி உயிர் காக்க வேண்டியது மருத்துவமனை. அங்கேதான் கதவு மூடியிருந்தது. 1950இல் வெள்ளையரின் பிரசவங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மருத்துவமனையில் நடந்தன. ஏனையோரிலோ பத்தில் ஆறு கூட இல்லை. 1946இல் மருத்துவமனைகள் கட்ட நடுவண் அரசு நிதி வழங்கிய சட்டமே, 'தனித்தனியே, ஆனால் சமமாக' என்ற பெயரில் இனப் பிரிவினைக்கு இடமளித்தது. தனித்தனியே என்பது நடைமுறையில் இருந்தது. சமம் என்பது ஏட்டில் இருந்தது.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்னும் கறுப்பினப் பல் மருத்துவர் இருந்தார். தம் நோயாளியை நகரின் நல்ல மருத்துவமனையில் சேர்க்க முடியாத நிலையில், 1962இல் அவரும் தோழர்களும் வழக்குத் தொடுத்தனர். 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, அந்தச் சட்டப் பிரிவைச் செல்லாதென அறிவித்தது. 1964இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1966இல் முதியோர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன வேறுபாடு காட்டும் மருத்துவமனைக்கு அத்திட்டத்தின் பணம் இல்லை என்று அரசு உறுதியாகச் சொல்லிற்று. நெடுங்காலம் நீதிக்குச் செவிசாய்க்காத கதவுகள், பணம் நின்றுவிடும் என்றதும் சில மாதங்களிலேயே திறந்துகொண்டன.

பயன் கண்கூடாகத் தெரிந்தது. 1970இல் கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு வீதம் 32.6 ஆகச் சரிந்தது. மிசிசிப்பி மாநிலத்தின் ஏடுகளை ஆராய்ந்த பொருளியலார், அங்கே நுரையீரல் அழற்சியாலும் வயிற்றுப்போக்காலும் கறுப்பினக் குழந்தைகள் இறப்பது அவ்வாண்டுகளில் கூர்மையாகக் குறைந்ததைக் கண்டனர். இரண்டும் மருத்துவமனைக்கு வேளையில் கொண்டு சென்றால் தீரக்கூடிய நோய்களே. குழந்தைகளின் உடலில் எந்த மாற்றமும் நேரவில்லை. வாசலில் நின்ற தடை நீங்கியது, அவ்வளவே.

அதே மிசிசிப்பியின் மவுண்ட் பேயூ என்னும் ஊரில், 1967இல் ஜாக் கைகர் என்னும் மருத்துவர் ஒரு மக்கள் நல மருத்துவ நிலையத்தைத் தோழர்களுடன் தொடங்கினார். பசியால் நலிந்த குழந்தைகளுக்கு அங்கே மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரர் பொருள் கொடுத்தார். நிலையம் பணம் செலுத்தியது. மருந்துக்கான நிதியை உணவுக்குச் செலவிடலாமா என்று மேலிடம் வினவியபோது, பட்டினிக்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவுதானே என்று அவர் விடையிறுத்தார்.

கல்வியும் காக்காத இடம்

வரலாறு இத்துடன் இனிதே முடிந்திருந்தால் நாம் மகிழலாம். முடியவில்லை. 1980க்குப் பின்னர் குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் அரிய சிகிச்சைகள் வந்தன. இரு பக்கத்திலும் மரணம் குறைந்தது. ஆனால் இடைவெளி அகன்றது. 1950இல் கறுப்பினத்தாரின் வீதம் வெள்ளையருடையதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. 1980இல் அது இரு மடங்கு. 2000இல் கறுப்பினத்தாருக்கு 14.1, வெள்ளையருக்கு 5.7, அதாவது ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

வறுமையே காரணம், கல்வி வந்தால் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணினர். 1992இல் வெளியான ஆய்வு ஒன்று அந்த எண்ணத்தை அசைத்தது. தாயும் தந்தையும் கல்லூரிப் பட்டம் பெற்ற குடும்பங்களை மட்டும் அது எடுத்துக்கொண்டது. அங்கும் கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு 10.2, வெள்ளையரின் குழந்தைகளுக்கு 5.4. சரியான எடையுடன் பிறந்த குழந்தைகளிடையே வேறுபாடு இல்லை. எடை மிகக் குறைந்து பிறப்பதே துன்பத்தின் வேர் என்று அது காட்டிற்று.

அப்படியாயின் குருதிதான் காரணமோ என்ற பழைய ஐயம் மீண்டும் தலைதூக்குமன்றோ? 1997இல் ரிச்சர்டு டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்னும் மருத்துவர் இருவர் அதற்கு விடை தந்தனர். இல்லினாய் மாநிலத்துப் பிறப்பு ஏடுகளை எடுத்து, மூவகைத் தாய்மாரின் குழந்தைகளை ஒப்பிட்டனர். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மாரின் குழந்தைகளுடைய சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாய்மாரின் குழந்தைகளுக்கு 3,333 கிராம். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்கு 3,089 கிராம். குருதி காரணமென்றால் நேர் ஆப்பிரிக்கத் தாயின் குழந்தையே மிகவும் மெலிந்திருக்க வேண்டும். அதுவோ வெள்ளைக் குழந்தையை நெருங்கி நிற்கிறது! குடியேறியவர்களின் மகள்மார் அமெரிக்காவிலேயே வளர்ந்து பிள்ளை பெறும்போது எடை குறைகிறது என்பதையும் பின்னர் அவர்களே கண்டனர்.

ஆப்பிரிக்கா அவர்களுக்குக் கொடுத்த குருதியில் குறையில்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணாக வாழ்வதிலேயே ஏதோ ஒன்று தாயின் உடலை அரிக்கிறது. ஆர்லீன் ஜெரோனிமஸ் என்னும் அறிஞர் 1992இல் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார். வெயிலும் மழையும் கல்லைத் தேய்ப்பது போல, நாள்தோறும் சந்திக்கும் அவமதிப்பும் அச்சமும் கவலையும் உடலை வயதுக்கு முன்பே மூப்படையச் செய்கின்றன என்பது அவர் கருத்து. வெள்ளையரிடையே இருபது வயதைக் கடந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆபத்து குறைகிறது. கறுப்பினத்தாரிடையே கூடுகிறது என்ற கணக்கே அவரை அவ்வாறு சிந்திக்க வைத்தது. பட்டம் பெற்றால் கூலி உயரும். அந்தத் தேய்மானம் நின்றுவிடாது போலும்.

இரு அளவைகள்

2022ஆம் ஆண்டில் அமெரிக்க வெள்ளையரின் சிசு மரண வீதம் ஏறத்தாழ 4.5, கறுப்பினத்தாரின் வீதம் ஏறத்தாழ 10.9. இவ்வெண்களை இருவகையாக வாசிக்கலாம். 1915இல் ஆயிரம் குழந்தைக்கு 83 ஆக இருந்த வேறுபாடு இன்று ஆறுக்குச் சற்று மேல். இது பெரும் வெற்றி. 1915இல் 1.8 மடங்காக இருந்தது இன்று 2.4 மடங்கு, இது பெரும் தோல்வி. இரண்டும் உண்மையே. காப்பாற்றப்பட்ட குழந்தைகளை மறப்பது நன்றி கொன்றதாகும். தோல்வியை மறைப்பதோ, நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குச் செய்யும் அநீதியாகும்.

ஒன்றே முக்கால் நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் ஓர் உண்மை நமக்குப் புலனாகிறது. குழந்தை இறந்த போதெல்லாம் பழி சுமத்த ஒருவரைத் தேடினார்கள். உறங்கிய தாய் என்றார்கள்; குருதி என்றார்கள்; மருத்துவச்சியின் அறியாமை என்றார்கள்; கல்வியின்மை என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஏடுகளை விரித்து எண்ணிப் பார்த்தபோது, பழி வேறிடத்தில் கிடந்தது. தண்ணீர் தூய்மையானபோது குழந்தை பிழைத்தது. கதவு திறந்தபோது பிழைத்தது. பசிக்கு உணவு கிடைத்தபோது பிழைத்தது. இன்னும் பிழைக்காத குழந்தைக்காக இன்னும் திறக்கப்படாத கதவு ஒன்று எங்கோ இருக்கிறது என்பதே இதன் பொருள்.

டு பாய்ஸ் 95 வயது வரை வாழ்ந்தார். 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் ஆப்பிரிக்க நாடான கானாவின் தலைநகர் ஆக்ராவில் அவர் காலமானார். கிரீன்ஸ்பரோ வழக்கின் தீர்ப்பு வர அப்போது இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. மருத்துவமனைக் கதவுகள் திறந்ததை அவர் காணவில்லை. பிள்ளை மரணத்தில் தம் இனத்தின் குருதிக்குக் குற்றமில்லை என்று அவர் எழுதியதை இல்லினாயின் பிறப்பு ஏடுகள் மெய்ப்பித்ததையும் காணவில்லை. கிரேட் பாரிங்டனில் உறங்கும் அந்தச் சிறுவனுக்காக அவர் கேட்ட கேள்வி மட்டும் இன்றும் உயிருடன் இருக்கிறது. அயல் வீட்டுத் தொட்டில் ஏன் வெறுமையாயிற்று என்று கேட்க மறந்த சமூகம், தன் வீட்டுத் தொட்டிலையும் நெடுநாள் காத்துக்கொள்ள முடியாது.